பழுப்புத் தாள்: பழைய புத்தகக் கடைக்காரர் பதில்கள்

பரீட்சை முடிந்து பரண் ஒழிக்கும் காலம் என்பதாலோ என்னவோ, இந்த மாதம் வந்த தபாலில் பாதி பௌதிகப் புத்தகங்களைப் பற்றியே. ஜாதகம், சமையல், சித்த வைத்தியப் புத்தகங்கள் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: என் மாமனார் பள்ளிக்கூடத்தில் பௌதிக வாத்தியாராக இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் யா. பெரெல்மான் எழுதிய 'பொழுதுபோக்கு பௌதிகம்' தமிழில் இரண்டு பகுதிகளும், அதே நூல் இங்கிலீஷில் ஒன்றும் இருந்தன. எல்லாம் மாஸ்கோவில் அச்சானவை. "இது கலெக்டர்ஸ் ஐட்டம், லட்சக்கணக்கில் போகும்" என்கிறான் என் பிள்ளை. "பேப்பர்காரனிடம் போடு" என்கிறார் அவன் அப்பா. யார் சொல்வது சரி?
(ஒரு வாசகி, நங்கநல்லூர்)

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை அம்மா. எடைக்குப் போட்டால் பாவம், லட்சத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம். தமிழ்ப் பகுதிகள் இரண்டும் அட்டை கெடாமல், பக்கம் குறையாமல் இருந்தால் பட்டுப்புடவை விலை வராது. நல்ல ஜரிகை வேட்டி விலை வரும். இங்கிலீஷ் பிரதிக்கு அதுவும் வராது.

இதைக் கேட்டால் கடைக்கு வருகிற பலருக்கும் ஆச்சரியம். இங்கிலீஷ் என்றால் விலை கூட, தமிழ் என்றால் சல்லிசு என்று நினைத்துப் பழகிவிட்டோம். சோவியத் புத்தகங்களில் கதை தலைகீழ். இங்கிலீஷ் பதிப்பு இந்தியா முழுவதும் வந்தது. இன்ஜினீயரிங் மாணவர்கள் வாங்கினார்கள், கல்லூரி நூலகங்கள் வாங்கி அலமாரியில் பூட்டி வைத்தன. பூட்டி வைத்த புத்தகம் பிழைத்துக்கொள்ளும். தமிழ்ப் பதிப்பு போனது பள்ளிப் பிள்ளைகள் கைக்கு. அண்ணன் படித்து, தம்பி படித்து, பக்கத்து வீட்டுப் பையன் இரவல் வாங்கிப் போய், கடைசியில் அட்டை இல்லாமல் திரும்பி வந்த புத்தகம் அது. நன்றாகப் படிக்கப்பட்டதுதான் இன்று கிடைப்பதில்லை. என் கடைக்கு வந்த தமிழ்ப் பெரெல்மான் பிரதி ஒன்றில், காகிதப் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைக்கிற சோதனை இருக்கும் பக்கத்தில் மெழுகு சொட்டிக் கெட்டியாகி, எதிர்ப் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பொடியன் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு செய்து பார்த்திருக்கிறான். வியாபாரக் கணக்கில் அது சேதமான பிரதி. நான் விற்கவில்லை.

எழுதியவரைப் பற்றிப் பிள்ளையிடம் சொல்லுங்கள். பெரெல்மான் பௌதிக விஞ்ஞானி இல்லை. பீட்டர்ஸ்பர்க்கில் காட்டியல் படித்துவிட்டு அறிவியல் பத்திரிகையில் வேலை பார்த்தவர். இந்தப் புத்தகம் ருஷ்ய மொழியில் முதலில் வந்தது 1913-ல். அவர் இருந்தபோதே பதிமூன்று பதிப்புகள்; பதிமூன்றாவது 1936-ல். 1942 மார்ச்சில், ஜெர்மன் படை முற்றுகையிட்டிருந்த லெனின்கிராடில், பட்டினியால் இறந்துபோனார். நிலாவின் மறுபக்கத்தில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சூத்திரத்தை வைத்து அவர் ஆரம்பிக்கவே மாட்டார். முதல் உலகப் போரில் ஒரு பிரெஞ்சு விமானி, இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும்போது முகத்துக்கு அருகே ஏதோ பூச்சி பறப்பதைப் பார்த்துக் கையால் பிடிக்கிறார். திறந்து பார்த்தால் ஜெர்மன் துப்பாக்கிக் குண்டு. காற்றின் தடையால் குண்டின் வேகம் குறைந்துகொண்டே வருகிறது. விமானமும் அதே திசையில், ஏறத்தாழ அதே வேகத்தில் போனால் குண்டு விமானிக்கு அசையாமல் நிற்பது மாதிரிதான். சார்பு வேகம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் மறுநாளே மறந்துவிடுவோம், இந்தக் குண்டு மறக்காது. இன்னொன்று, நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். பாதத்தை நாற்காலிக்கு அடியில் இழுக்கக் கூடாது, உடம்பை முன்னால் சாய்க்கக் கூடாது. இப்போது எழுந்திருங்கள். முடியாது. உடம்பின் ஈர்ப்பு மையம் பாதங்களுக்கு மேலே வராமல் யாராலும் எழுந்திருக்க முடியாது. கடைக்கு வந்து "பெரெல்மான் யார்?" என்று கேட்பவர்களை இப்படித்தான் ஸ்டூலில் உட்கார வைத்துவிடுவேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள்.

சரி, உங்கள் பிரதிக்கு வருவோம். தலைப்புப் பக்கத்தைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். எங்கள் தொழிலில் புத்தகத்தின் ஜாதகமே அந்தப் பக்கம்தான். பதிப்பகத்தின் பெயர் 'மீர்' என்று இருந்தால் அது 1964-க்கு முந்தியதாக இருக்க முடியாது. அந்த ஆண்டில்தான் அந்தப் பெயரே வந்தது. இங்கிலீஷ் பிரதியில் 'ஃபாரின் லாங்குவேஜஸ் பப்ளிஷிங் ஹவுஸ்' என்று இருந்தால் அதற்கு முந்தியது, அதைத் தனியாக எடுத்து வையுங்கள். ஆங்கிலத்திலோ தமிழிலோ ஆண்டு தெளிவாக இல்லாவிட்டால் ருஷ்ய எழுத்துகளைத் தேடுங்கள். ஆசிரியர் பெயர், நூலின் பெயர், எந்த மொழியில் அச்சானது என்பதெல்லாம் அதில் இருக்கும். எண்களைப் படிக்க ருஷ்ய மொழி தெரிய வேண்டியதில்லை. இங்கிலீஷ் மீர் புத்தகங்களில், மொழிபெயர்ப்பும் அச்சும் எப்படி இருக்கின்றன என்று எழுதச் சொல்லி, மாஸ்கோ, பெர்வி ரீஷ்ஸ்கி பெரியூலக், எண் 2 என்ற முகவரியோடு வாசகருக்கு ஒரு வேண்டுகோள் இருக்கும். அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கடிதத்தோடு அனுப்பிவிட்டவர்கள் உண்டு. உங்கள் பிரதியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சோவியத் புத்தகங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தது 1951-ல் தொடங்கிய நியூ செஞ்சுரி புக் ஹவுஸ். அவர்களுடைய கடை முத்திரையோ, கையால் எழுதிய ரூபாய் விலையோ முதல் பக்கத்தில் இருந்தால் ரப்பர் போட்டு அழித்துவிடாதீர்கள். மாஸ்கோவில் அச்சான புத்தகம் மெட்ராஸ் வழியாக நங்கநல்லூர் வந்து சேர்ந்ததற்கு அதுதான் அத்தாட்சி. 1991 டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்தது. பிறகு கையிருப்பு தீர்ந்த கதைதான். பழைய சோவியத் நூல்கள் பலவற்றை நியூ செஞ்சுரிக்காரர்களே மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள். ஆகவே படிப்பதற்கு வேண்டுமானால் புதுசு வாங்கிப் பிள்ளையிடம் கொடுங்கள். மாமனாருடையதைத் தனியாக வையுங்கள். இங்கிலீஷ் மீர் புத்தகங்களை ஆர்வலர்கள் ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறார்கள். அந்தப் பிரதிக்கு விலை இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாத்தியார் ஓரங்களில் ஏதாவது எழுதி வைத்திருக்கிறாரா? அதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லையே. கீழே மயிலாப்பூர் வாசகருக்குச் சொல்லும் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் ஸ்டீபன் ஹாக்கிங் எழுதிய 'எ பிரீஃப் ஹிஸ்டரி ஆஃப் டைம்' வாங்கினேன். வானியலாளர் கார்ல் சேகன் முன்னுரை இருக்கிறது. உள்ளே பேனாவால் அழகான கையெழுத்தில் ஹாக்கிங் என்று எழுதி, 1988 என்று போட்டிருக்கிறது. அவர் சென்னைக்கு வந்தபோது போட்ட கையெழுத்து என்றார் கடைக்காரர். இதன் மதிப்பு என்ன?
(ஒரு வாசகர், வேளச்சேரி)

பதில்: தம்பி, கையெழுத்து அழகாக இருக்கிறதா? அப்படியானால் அது ஹாக்கிங்குடையது இல்லை.

அவருக்கு உடம்பை முடக்கும் நரம்பு நோய் என்று டாக்டர்கள் சொன்னது 1963-ல், இருபத்தொரு வயதில். 1965-ல் முடித்த டாக்டர் பட்ட ஆய்வேட்டிலேயே கையெழுத்து நடுங்குகிறது. எழுபதுகளில் பேனா பிடிப்பதே போய்விட்டது. 1985-ல் தொண்டையில் அறுவை செய்த பிறகு பேச்சும் போனது. நீங்கள் வாங்கிய புத்தகத்தையே கம்ப்யூட்டர் உதவியோடுதான் முடித்தார். 1988-ல் வெளியான புத்தகத்தில் அவர் பேனாவால் கையெழுத்துப் போட வழியே இல்லை. அவர் தன் அடையாளமாக வைத்தது கட்டை விரல் ரேகை. ரேகை வைத்த பிரதி ஒன்று 2018 நவம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் வந்தது. அதே ஏலத்தில் அவருடைய ஆய்வேடு 5,84,750 பவுண்டுக்குப் போனது. சக்கர நாற்காலி 2,96,750 பவுண்டுக்கு. 2001-ல் அவர் இந்தியா வந்தபோது போனது மும்பைக்கும் டெல்லிக்கும். உங்கள் பிரதியில் எழுதியிருப்பது யாரோ பழைய சொந்தக்காரர் ஆசிரியர் பெயரைக் குறித்து வைத்ததாகவும் இருக்கலாம். கடைக்காரர் மேல் கோபப்படாதீர்கள், சரக்கை அவரிடம் கொடுத்தவர் சொன்னதை அவர் உங்களிடம் சொல்லியிருப்பார்.

சேகன் முன்னுரை இருப்பது நல்ல அறிகுறிதான். அந்த முன்னுரையின் உரிமை சேகனிடம் இருந்ததால் பின்னால் வந்த பதிப்புகளில் அது இல்லை. ஹாக்கிங்கே எழுதிய முகவுரை வந்துவிட்டது. ஆனால் சேகன் இருப்பதெல்லாம் முதல் அச்சு ஆகிவிடாது. பதிப்புப் பக்கத்தில் 10, 9, 8, 7 என்று எண்கள் வரிசையாக இருக்கிறதா? அதில் மிகச் சிறிய எண் எதுவோ அத்தனையாவது அச்சு. 1 இருந்தால் முதல் அச்சு. 14-தான் சிறியது என்றால் பதினான்காவது. இந்தக் கணக்கு பெரும்பாலான அமெரிக்க, பிரிட்டிஷ் பதிப்பகங்களுக்குப் பொருந்தும். சோவியத் புத்தகங்களிலோ நம் ஊர்ப் புத்தகங்களிலோ இதைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தப் புத்தகத்தில் நிஜமாகவே அரிதான பிரதி ஒன்று உண்டு, அந்தக் கதை எனக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் பேன்டம் பதிப்பகம் முதலில் அச்சடித்ததில் படங்கள் இடம் மாறி, விளக்க வரிகளும் மாறி விழுந்துவிட்டன. விமர்சனம் எழுதுவதற்காக முன்கூட்டி ஒரு பிரதி டான் பேஜ் என்ற இயற்பியலாளருக்குப் போகிறது. ஹாக்கிங்கோடு வேலை பார்த்தவர், ஆகவே படத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. பதிப்பகத்துக்குப் போன் செய்கிறார். அன்றைக்கே முடிவு செய்து அத்தனை பிரதிகளையும் திரும்பப் பெற்று அழித்துவிட்டு, மூன்று வாரத்தில் திருத்தி, 1988 ஏப்ரல் 1-ம் தேதி வெளியீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தப்பிய பிரதி இருந்தால் நல்ல விலை போகும் என்று ஹாக்கிங்கே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தப்பும் தவறுமாக அச்சானதுக்குத்தான் கிராக்கி, திருத்தி வந்தது லட்சக்கணக்கில் கிடைக்கிறது. லண்டன் சண்டே டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் 237 வாரம் இருந்த புத்தகம், எப்படி அரிதாகும்?

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். நடைபாதையில் கிடைப்பதில் திருட்டு அச்சு நிறைய. ஒரு பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்க எழுத்து தெரிகிறதா? ஓரம் ஒட்ட வெட்டியிருக்கிறார்களா? ஒளிக்கூம்பு வரைபடங்களில் லேசான சாம்பல் நிறம் இருக்க வேண்டிய இடமெல்லாம் கரி பூசின மாதிரி இருக்கிறதா? இருந்தால் அது ஜெராக்ஸுக்கு அட்டை போட்டது. நூற்றைம்பது ரூபாய்க்குள் வாங்கியிருந்தால் படிக்க வாங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தகப்பனாரிடமிருந்து வந்த, வானியலாளர் எடிங்டனின் 'தி நேச்சர் ஆஃப் தி ஃபிசிக்கல் வேர்ல்ட்' என்னிடம் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பதிப்பு. முன்பக்கத்தில் யாரோ ஒருவர் பெயர், பிரசிடென்சி கல்லூரி என்று எழுதியிருக்கிறது. உள்ளே பென்சில் குறிப்புகள். விற்பதற்கு முன் பென்சிலை எல்லாம் அழித்துச் சுத்தம் செய்துவிடட்டுமா?
(ஒரு வாசகர், மயிலாப்பூர்)

பதில்: சார், ரப்பரை எடுத்து உள்ளே வையுங்கள், முதலில்.

வெளிநாட்டு ஏல அட்டவணைகளைப் படித்துவிட்டு எல்லோரும் புத்தகம் புத்தம் புதிதாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். மேலுறையோடு கூடிய, யாரும் தொடாத பிரதிக்கு அங்கே விலை அதிகம் என்பது உண்மைதான். 1928-ல் வந்த எடிங்டனுக்கு மேலுறை இருந்தால் அங்கே விலையே வேறு. ஆனால் அந்த நூல் கணக்கில்லாமல் மறு அச்சு ஆனது. மேலுறை இல்லாத சாதாரணப் பிரதி உலகம் பூராவும் கிடைக்கும். உங்களுடையதை வேறாக்குவது அந்தப் பெயரும் பென்சிலும்தான்.

அது எந்த ஆண்டு, எந்தக் கல்லூரி என்று யோசித்துப் பாருங்கள். 1928-ல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் மெட்ராஸ் வந்து பிரசிடென்சியில் பேசினார். கேட்ட மாணவர்களில் ஒருவர், பின்னால் நோபல் பரிசு வாங்கிய சந்திரசேகர். அவரைப் போய்ப் பார்த்தபோது, நீ படித்துவைத்திருக்கும் அணு இயற்பியல் எல்லாம் பழசாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினார் சோமர்ஃபெல்ட். 1930-ல் சந்திரசேகர் கப்பல் ஏறி கேம்பிரிட்ஜ் போனார். 1935-ல் அதே எடிங்டன் அவருடைய வெண்குள்ளன் நட்சத்திரக் கணக்கைச் சபையில் வைத்துக் கேலி செய்தார். ஆக, அந்தக் கல்லூரியில் அந்த வருஷங்களில் எடிங்டனைப் படித்த ஒரு மாணவர் ஓரத்தில் என்ன எழுதினார் என்பது வெறும் கிறுக்கல் இல்லை. பெயர் பிரபலமானவருடையதாக இருக்க வேண்டியதில்லை. கல்லூரியின் பழைய ஆண்டு மலரிலோ பல்கலைக்கழகத்தின் பட்டதாரிப் பட்டியலிலோ அந்தப் பெயரைத் தேடி, ஒரு துண்டுத் தாளில் குறித்து உள்ளே வையுங்கள்.

இதேபோல் 1950-களின் கடைசியில் உங்கள் மயிலாப்பூரிலேயே இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் தன் வீடான ஏகாம்ர நிவாஸில் தியரிட்டிகல் ஃபிசிக்ஸ் செமினார் நடத்தினார். 1960-ல் டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் மெட்ராஸ் வந்தபோது அந்த மாணவர்களைப் பார்த்துவிட்டுப் புகழ்ந்து பேசினார். அதன் தொடர்ச்சியாக 1962 ஜனவரியில் மேட்சயன்ஸ் பிறந்தது, இன்று தரமணியில் இருக்கிற கணித அறிவியல் நிறுவனம். அந்த வட்டாரத்து வீடுகளிலிருந்து பழைய பௌதிகப் புத்தக லாட் வந்தால் நான் முதலில் பார்ப்பது முன்பக்கப் பெயரை. பிறகு பின்னட்டையின் உட்பக்கம். அங்கே கீழ் மூலையில் ஹிக்கின்பாதம்ஸ் மாதிரி கடைகள் ஒட்டிய தபால்தலை அளவு லேபிள் இருக்கும். பைண்டிங் மாற்றுகிறேன் என்று அதைக் கிழித்து எறிகிறவர்களை என்ன செய்ய!

இனி வேண்டாம் என்று நூலகம் குத்தும் கழித்தல் முத்திரை மட்டும் விஷயம் வேறு. அது விலையைக் குறைக்கும். கழித்த முத்திரையே இல்லாமல் நூலக முத்திரை மட்டும் இருந்தால் நான் வாங்குவதே இல்லை, நீங்களும் வாங்காதீர்கள். யாரோ திருப்பித் தராத புத்தகம் அது.

கேள்வி: ஃபைன்மேன் லெக்சர்ஸ் சிவப்பு அட்டை, மூன்று வால்யூம், நரோசா இந்தியப் பதிப்பு. கலெக்டபிளா?
(ஒரு மாணவர், அடையாறு)

பதில்: இல்லை. 1963 முதல் 1965 வரை அடிசன்-வெஸ்லி வெளியிட்ட முதல் அச்சுதான் சேகரிப்பவர்கள் தேடுவது. உங்களுடையது படிப்பதற்கான பதிப்பு, அதற்கு அதைவிட நல்லது இல்லை. மூன்று வால்யூமையும் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறது. என்றாலும் புத்தகத்தை விற்காதீர்கள், பரீட்சைக்கு முதல் நாள் நெட் போய்விடும்.

கேள்வி: தமிழிலேயே எழுதப்பட்ட பழைய பௌதிகப் புத்தகங்களைச் சேகரிக்க ஆசை. எங்கே ஆரம்பிப்பது?
(ஒரு வாசகர், குரோம்பேட்டை)

பதில்: பெ.நா. அப்புஸ்வாமியிலிருந்து. வக்கீலுக்குப் படித்தவர், அறுபது வருஷத்துக்கு மேல் தமிழில் அறிவியல் எழுதினார். அவர் பெயர் போட்ட எது கண்ணில் பட்டாலும் எடுத்துவிடுங்கள். இன்னும் நியாயமான விலையில்தான் கிடைக்கிறது, காரணம் நம் சேகரிப்பாளர்கள் முதல் பதிப்பு நாவலுக்கு அடித்துக்கொள்கிறார்கள், அறிவியலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்தது, அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அரசு கல்லூரிப் படிப்புக்காகத் தமிழில் வெளியிட்ட நூல்கள். சாதா அட்டை, சுமாரான தாள், பார்த்தால் யாருக்கும் வாங்கத் தோன்றாது. தோன்றாததால்தான் எடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இன்னும் சில வருஷத்தில் தேடினாலும் கிடைக்காது.

பெரியசாமித் தூரன் ஆசிரியராக இருந்த கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளிலும் (1954 முதல் 1968 வரை) பௌதிகக் கட்டுரைகள் இருக்கின்றன. முழு செட்டாகக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

தேதி இல்லாத தமிழ்ப் புத்தகத்தில் லை, ணை, றா, னா எல்லாம் பழைய உருவத்தில், கொம்பும் சுழியுமாக இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். நம்ப வேண்டாம். அச்சாபீஸ்காரர்கள் கையில் இருந்த ஈய எழுத்தை அரசாணை வந்ததும் தூக்கிப் போட்டுவிடவில்லை.

கேள்வி: புத்தகங்களை இராமபாணப் பூச்சி அரிக்கிறது. பாச்சை உருண்டை போட்டும் போகவில்லை. சில புத்தகங்கள் மழையில் நனைந்து உப்பியும் இருக்கின்றன. என்ன செய்வது?
(ஒரு வாசகி, சைதாப்பேட்டை)

பதில்: இராமபாணத்துக்குத் தாளைவிடப் பசைதான் பிடிக்கும். பழைய காலிகோத் துணி அட்டை, முதுகில் தடவிய மாவுப் பசை, அதெல்லாம் அதற்குச் சாப்பாடு. இருட்டும் ஈரமும் இருந்தால் குடித்தனமே நடத்தும். ஆகவே அலமாரி வெளிச்சுவரை ஒட்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மழைக்காலத்தில் அந்தச் சுவர் வழியாகத்தான் ஈரம் வருகிறது. நாலு விரல் இடைவெளி விட்டு நகர்த்துங்கள். கீழ்த்தட்டில் புத்தகம் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது உங்கள் ஏரியாவில் யாருக்கும் இதைச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

பாச்சை உருண்டையை நான் சிபாரிசு செய்வதில்லை. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அது விஷம். புத்தகத்துக்கும் அந்த நெடி ஜென்மத்துக்கும் போகாது. ஓலைச்சுவடிக்கு நம் பாட்டன்மார் வசம்பு வைத்தார்கள். வசம்பைத் துணியில் முடிந்து தட்டின் மூலையில் வைக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் அதை வைத்துவிட்டுச் சும்மா இருந்தால் பூச்சி போகாது. மாதம் ஒருமுறை எடுத்து, புரட்டி, தூசி தட்டுவதுதான் பெரிய மருந்து.

பூச்சி உள்ளேயே புகுந்துவிட்ட புத்தகத்தை பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். மாமியார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வெளியே எடுத்ததும் கவரைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே கிடந்து அறை வெப்பத்துக்கு வரட்டும். உடனே பிரித்தால் குளிர்ந்த தாள் மேல் நம் ஊர்க் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படிந்துவிடும்.

நனைந்ததை வெயிலில் காய வைக்காதீர்கள், அட்டை முறுக்கிக்கொள்ளும். சில பக்கங்களுக்கு ஒரு தரம் அச்சில்லாத வெள்ளைத் தாளைச் செருகி, ஃபேன் காற்றில் நிறுத்தி வையுங்கள். தாள் ஈரம் வாங்கியதும் மாற்றுங்கள். நியூஸ் பேப்பர் வேண்டாம், மை ஒட்டும். படங்கள் உள்ள வழவழப்புத் தாள் மட்டும் தனிக் கேஸ்: நனைந்து காய்ந்தால் கல் மாதிரி ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரம்மாவாலும் பிரிக்க முடியாது. ஈரமாக இருக்கும்போதே ஃப்ரீசரில் போட்டுவிட்டு, தெரிந்தவர்களிடம் கேளுங்கள். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தரமணியில் இருக்கிறது, பழைய தாளைப் பேணுவதே அங்கே வேலை.

செலோ டேப், ஃபெவிகால், லேமினேஷன், இந்த மூன்றும் பூச்சியைவிட மோசம். பூச்சி அரித்ததை என்னால் விற்க முடியும். செலோ டேப் ஒட்டியதை முடியாது. அந்த மஞ்சள் கறை எழுத்தோடு சேர்ந்து ஊறிவிடும்.

கேள்வி: மூர் மார்க்கெட் மாதிரி ஒரு இடம் சென்னையில் இனி வருமா?
(ஒரு வாசகர், பெரம்பூர்)

பதில்: வராது. 1985 மே 30-ல் எரிந்தது, அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. என் அப்பாவின் கடை அங்கேதான் இருந்தது. வியாபாரிகளில் பலர் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். இப்போதும் போய்ப் பார்க்கலாம். லஸ் முனை, பாரதி சாலை, ஜனவரியில் நந்தனம் புத்தகக் கண்காட்சிக்கு வெளியே நடைபாதை. இவ்வளவுதான். இந்த நடைபாதையில் நின்று, குனிந்து, முதுகு வலிக்கத் தேடுகிறவர்களுக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

கேள்வி: பழைய புத்தகத்தின் மதிப்புக் கேட்டு உங்களுக்கு எழுதுவதென்றால் என்னென்ன அனுப்ப வேண்டும்?
(ஒரு வாசகர், அம்பத்தூர்)

பதில்: அட்டைப் படம் மட்டும் அனுப்புகிறார்கள், அதை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வது? தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், கடைசிப் பக்கம், புத்தகத்தின் முதுகு, பெயரோ முத்திரையோ லேபிளோ இருந்தால் அது. வெயில் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் எடுங்கள். படங்கள், வரைபடங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள். பௌதிகப் புத்தகங்களில் மடித்து வைத்த தாள்தான் முதலில் காணாமல் போகும். புத்தகத்தையே பார்சலில் அனுப்ப வேண்டாம். போன மாதம் வந்த ஒன்று இன்னும் என் மேஜையில் இருக்கிறது, அனுப்பியவர் முகவரி எழுதவில்லை. செங்கல்பட்டு முத்திரை, பச்சைக் காலிகோ, ஜீன்ஸ் எழுதிய 'தி மிஸ்டீரியஸ் யுனிவர்ஸ்'. உங்களுடையது என்றால், உள்ளே புத்தக அடையாளமாக வைத்திருந்த பஸ் டிக்கெட் எந்த ஊருக்கு என்று சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.